கிணற்றில் குதிக்கச் சொன்னது நான்தான்

கோயம்புத்தூரில் மகள் குடியிருக்கும் அடுக்ககத்துப் பூங்காவில் தரை முழுக்க ரப்பர் மெத்தை. விழுந்தால் முழங்கால்கூடச் சிராய்க்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் சும்மா இருக்காது. கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தோட்டத்தில், மோட்டார் ரூம் கூரையிலிருந்து கிணற்றில் தலைகீழாகக் குதித்த கதையைப் பேத்தியிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். அந்தக் கதையில் அடிபட்டவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டதில்லை.

போன கோடை விடுமுறையில் அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். பதினோரு வயது, நன்றாக நீந்துவாள். காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். உள்ளே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைத் திட்டு, இரண்டு ஆள் ஆழத்தில் முழுகிக் கிடந்தது. போதும் என்று தோன்றியது.

சாப்பிட்டுவிட்டு மதியம் போனோம். கிணற்று மேட்டில் நின்றவள் தயங்கினாள்.

"பயமா இருக்குதுங்க அப்புச்சி."

"மெத்தையில வெளையாடுன புள்ள வேற எப்படி இருக்கும்?"

"அப்ப நீங்க குதிங்க, பாக்கலாம்."

"எனக்கு முட்டி மடங்காது அம்மணி. உங்கம்மா உன்ற வயசுல குதிச்சா, தெரியுமா?"

பொய். மகள் கிணற்றுப் பக்கமே வந்தவள் இல்லை.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இரைச்சல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சிறுவயதில் அது ஊற்றுக் கிணறு. ஊற்று வற்றிப்போன பிறகு, போர்வெல் தண்ணீரை அதில் நிரப்பி, அங்கிருந்து தென்னைகளுக்குச் சொட்டுநீர் விடுகிறோம். அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான். சொட்டுநீர் மோட்டார் ஓட ஓடக் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் அதே பச்சை நிறம்தான். பாறை எவ்வளவு கீழே இருக்கிறதென்று தெரியவில்லை.

"நில்லு!" என்று கத்தியபோது அவள் கால் தரையில் இல்லை.

தண்ணீர் சிதறியது. அவள் குரல் கேட்கவில்லை. முட்டி மடங்காதவன் அந்தக் கல்படிகளில் எப்படி இறங்கினேனோ! பாறைமேல் நின்றபோது தண்ணீர் என் இடுப்புக்குத்தான் வந்தது. பிடித்துத் தூக்கிய பிறகுதான் அலறினாள்.

குதிகால் எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அம்மாவிடம், "படியில வழுக்கி உழுந்துட்டேம்மா" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்கப்பா" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தலையாட்டினேன்.

மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை அந்தத் தலையாட்டலோடு அவள் வீட்டில் காப்பி குடித்தேன். பிரித்த அன்று, பேத்தி சுவரைப் பிடித்து நொண்டுவதைப் பார்த்தபின் முடியவில்லை. சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

மகள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "இனி அவளத் தனியா உங்ககூட அனுப்பமாட்டேனுங்கப்பா" என்றாள்.

"சரி கண்ணு."

கேட்டுக்கொண்டிருந்த பேத்திக்குத்தான் ஆத்திரம். "எதுக்குங்க அப்புச்சி சொன்னீங்க? இனி அம்மா தோட்டத்துக்கே உடமாட்டாங்க!"

"உடவேண்டாம் அம்மணி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.