அக்கா துடைத்து வைத்த முகங்கள்

எங்கள் அருமை அக்கா இறைவனடி சேர்ந்து முப்பத்தொரு நாள் ஆகிறது. திருப்பலிக்கு வரும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரவேண்டும். அச்சகத்திலிருந்து நேற்றும் அழைத்துவிட்டார்கள். உறவுகளின் பெயர் வரும் பக்கம் மட்டும் முடியவில்லை. எங்கள் அண்ணாவின் பெயருக்கு முன்னால் “காலஞ்சென்ற” என்று போடுவதா, விடுவதா? இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணா, அக்கா, நான் என மூவரும் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவர்கள். அப்பா நேரத்தோடு கண்மூடிவிட, அம்மாவோடு சேர்ந்து என்னை வளர்த்தவர் அக்கா. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து வீட்டு வேலை செய்து, அத்தானையும் என்னையும் இங்கே கூப்பிட்டவரும் அவரே. அண்ணா மட்டும் வரவில்லை. போரின் கடைசியில் ஓர் இராணுவ முகாம் வாசலில், கையில் இலக்கப் பலகையைக் கொடுத்து அண்ணாவைப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் எவருமில்லை.

அக்கா கடைசிவரை வேலை செய்தது போர்கோ வெக்கியோப் பகுதிக்கு அருகே ஒரு வயதான இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில்; சிஞ்ஞோரா என்றே அவரை அழைப்போம். சிஞ்ஞோராவின் பாட்டனார் ஒரு தீவுச் சிறையில் வைத்தியராக இருந்தவர். படமெடுக்கும் பைத்தியம் அவருக்கு. அந்த வீட்டு நடைவழிச் சுவர் முழுக்கக் கைதிகள். சிலர் நெஞ்சில் இலக்கத்தோடு நிற்கிறார்கள். சிலர் மா பிசைகிறார்கள், தண்ணீர் இறைக்கிறார்கள், ஒருவருக்கொருவர் முகம் வழிக்கிறார்கள். அந்தப் படங்களைத் துடைப்பது அக்காவின் வேலை. ஒரு துடைப்பில் முடியவேண்டியதை அக்கா அரை நாளாக இழுப்பார். ஒருநாள் சிஞ்ஞோராவைக் கேட்டு, என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார்.

“பார் தம்பி, மறியலுக்கையும் சவரம் செய்யினம், சிரிக்கினம். அண்ணாவும் எங்கையோ இப்பிடித்தான் இருப்பர். படம் எடுத்தவங்கள் ஆளைத் துலைக்க மாட்டாங்கள்.”

“ஓம் அக்கா” என்றேன்.

அந்த நம்பிக்கையால் அவர் நிம்மதியாக இருந்தார் என்று எண்ணவேண்டாம். தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுப்பார். நவம்பரில் இறந்தோர் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, அப்பா, அம்மா பெயர்களைச் சொல்லிவிட்டு, அண்ணாவின் பெயர் வருமுன் எழும்பி வந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சிஞ்ஞோராவிடம், படத்தில் உள்ளவர்கள் பிறகு வீட்டுக்குப் போனார்களா என்று கேட்டார். சிலர் போனார்களாம், மற்றவர்களைப் பற்றித் தெரியாது என்றார் சிஞ்ஞோரா. அக்காவின் காதில் முதற்பாதி மட்டுமே விழுந்தது.

“சிலபேர் வீட்டை போயிருக்கினம், கேட்டனியே?” என்று என் கையைப் பிடித்தார். பிறகு, “என்ரை மலரிலை அண்ணாவை எப்பிடிப் போடப்போறாய்?” என்றார்.

“இப்ப ஏனக்கா அந்தக் கதை?”

“பிழையாப் போட்டிடாதை.”

எது பிழை என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் பேச்சு நின்றுவிட்டது.

கனடாவிலிருந்து சின்னம்மா, “காலஞ்சென்ற எண்டு போடடா தம்பி. ஒரு பூசையெண்டாலும் அவனுக்குக் கிடைக்கட்டும்” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். இருப்பவரை இறந்தவராக்கினால் பாவம். இறந்தவருக்காகச் செபிக்காமல் விட்டாலும் பாவம்.

அக்காவின் நோயில் மாறி மாறித் துணையிருந்த பங்குக் கோவில் உறவுகளுக்கும், சமைத்துக் கொண்டுவந்த, நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதி அயலவர்களுக்கும், அடக்கத்தன்று தடியூன்றி வந்து நின்ற சிஞ்ஞோராவுக்கும் அத்தானும் பிள்ளைகளும் நானும் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இவ்வளவும் எழுதியபின், சற்றுமுன் அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். அண்ணாவின் பெயர் வெறும் பெயராகவே வருகிறது. சின்னம்மா மன்னிக்கவேண்டும்.

அண்ணா, இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால், முதற்பக்கப் படத்தில் இருப்பது உங்கள் தங்கை. நரைத்துவிட்டதால் அடையாளம் மட்டுக்கட்ட மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.