சித்தப்பாவின் ஒரே ஒரு துள்ளல்

வெளிநாடு வந்து குவேக்கர்ஸ் ஹில்லில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் பின்வளவில், பிள்ளைகள் ஏறித் துள்ளும் ட்ரம்போலின் ஒன்று நின்றது. கவுன்சில் குப்பை லொறி அள்ளிப் போகட்டும் என்று யாரோ தெருவோரம் போட்டதை அப்பா எனக்காகத் தூக்கி வந்திருந்தார். அம்மாவின் கண்ணுக்கோ அது எறும்பு ஏறாத, வெயில் நன்றாகப் பிடிக்கும் ஒரு கறுப்புப் பாய். மோர்மிளகாய் காயும் நாட்களில் எனக்கு அதில் இடமில்லை. கோடை முழுக்க மிளகாய் காய்ந்தது.

அப்போது சித்தப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். சித்தியும் மகனும் அங்கே விசாவுக்குக் காத்திருந்தார்கள். மகனுக்கு என் வயது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வானம் இருட்டியது. அம்மா குசினி யன்னலால் கத்தினார்.

“தம்பி, மிளகாய் நனையப்போகுது. கெதியா அள்ளுங்கோ!”

“ஓம் அண்ணி.”

நான் ஏற்கெனவே மேலே ஏறி ஓரத்தில் அள்ளிக்கொண்டிருந்தேன். சித்தப்பா அதில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. நடுவுக்கு அவர் நடந்ததும் பாய் குழிந்து, மிளகாயெல்லாம் சறுக்கி அவர் காலடியில் குவிந்தது.

“பாத்தியாடா, கூப்பிடாமலே வருது!”

அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு துள்ளுத் துள்ளினார். நானும் துள்ளினேன். அவர் முதலில் பாயில் வந்து இறங்கினார். சுற்றியிருந்த ஸ்பிரிங்குகள் எல்லாம் இழுபட்டு அவருடைய பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டன. அதைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் பார்த்து நான் வந்து இறங்கினேன். அவருடைய பங்கும் எனக்கே கிடைத்தது.

மிளகாய்களோடு நானும் மேலே போனேன். உடுப்புக் கொடி எனக்குக் கீழே தெரிந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, அப்பா காலையில் கொத்திவிட்டிருந்த கீரைப் பாத்தியில் முதுகு அடிபட விழுந்தேன். பாத்தியைச் சுற்றி அடுக்கிய செங்கல் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. மூச்சு வரவில்லை.

“டேய், கதையடா! வாய் திறந்து ஏதாவது கதை!” சித்தப்பா என் கழுத்தையும் கைகால்களையும் மாறி மாறித் தடவினார்.

மூச்சு திரும்பியதும் கேட்டேன்: “இன்னொருக்காச் செய்வமா சித்தப்பா?”

அவர் மண்ணில் அப்படியே இருந்துவிட்டார். தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வழிந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

அம்மா ஓடி வந்தார். மிளகாய் வளவெங்கும் சிதறி மழையில் நனைந்தது. பால் சிந்தினாலே வீட்டை இரண்டாக்குகிறவர், அன்று மிளகாயைத் திரும்பியும் பாராமல் என்னைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கொண்டுபோய்ச் சித்தப்பாவின் மடியில் இருத்தினார்.

“ஒண்டுமில்லைத் தம்பி. பாருங்கோ, பிள்ளைக்கு ஒண்டுமில்லை.”

விழுந்தவன் நான். ஆறுதல் முழுவதும் சித்தப்பாவுக்குப் போனது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.