காவற்காரனுக்குச் சொன்ன கதை

அவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஜும்ஆத் தொழுகையில் பக்கத்தில் வந்து நின்றால் ஸலாம் சொல்வேன், அது மார்க்கக் கடமை. அதற்கு மேல் அவனுக்கு என்னிடம் ஒன்றும் கிடையாது.

ஒரு காலத்தில் நாங்கள் நான்கு பேர் கூட்டாளிகள்: அவன், நான், வரிப்பத்தான்சேனையிலிருந்து வரும் ஒருவன், இன்னொருவன். சாய்ந்தமருதில் அவனுடைய தங்கைக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேல்மாடியில், சீமெந்துப் பைகளுக்கு நடுவே பாய் விரித்து விளையாடுவோம். கட்டாரில் வேலை செய்தபோது அறையில் கூட இருந்தவர்களிடம் அவன் பழகிக்கொண்டு வந்த விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கொடுத்த புள்ளிகளை வலிமை, பேச்சு என்று பங்கிட்டு ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். வெற்றி தோல்வியை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். கதையை நடத்துவது எப்போதும் அவன்தான். ராஜா, பூதம், கடைக்காரன், காவற்காரன் எல்லோருக்கும் அவன் வாய்தான். ஊரிலும் அப்படித்தான், யாரைப் பற்றிக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்வான்.

அந்த வருடம் எனக்குப் பாலமுனையில் சம்பந்தம் பேசினார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வது. பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்த பிறகுதான் கலியாணம். அவர்களுடைய வீடு தரைக்கு மாபிள் பதித்து, வாசலுக்கு இரும்புக் கேற் போட்டு ஆயத்தமாக இருந்தது. பெண்ணை ஒருமுறை பார்த்தேன். நான் கல்முனையில் போன் திருத்துகிறவன் என்று தெரிந்ததும், தன் போனில் சத்தம் குறைவாக வருகிறது என்றாள். தூசி அடைத்திருக்கும், பழைய டூத்பிரஷ்ஷால் துடையுங்கள் என்றேன். இதற்காகவா இவ்வளவு படித்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே பிடித்துப்போனது.

பிறகு பெண்ணின் தாய்மாமன் என்னைப் பற்றி விசாரிக்க வந்தார். வந்தவர், பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் கதை நடத்துகிற இவனைப் பிடித்தார். கூட்டாளியிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று நினைத்திருக்கிறார், பாவம். அந்தக் கிழமையே, நஸீபு இல்லைப் போல என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். விதியைச் சொல்லும் அந்த நஸீபு என்ற சொல் வந்துவிட்டால் எங்களில் யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டால் அல்லாஹ்வின் ஏற்பாட்டில் குறை பிடித்ததாகிவிடும். சம்பந்தம் கொண்டுவந்த தரகுக்காரிதான், இவனோடு தேத்தண்ணி குடித்த பிறகே மாமாவின் முகம் மாறியது என்று உம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

பெண்ணுக்கு இன்னும் வேறு இடம் முடிவாகவில்லை. இவன் வாயால் சொன்னதை இவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தால் காரியம் கைகூடலாம். ஆனால் நேரே கேட்டால் மழுப்புவான். அதனால் என்னுடைய பழைய வாள்வீரனைக் கைவிட்டு, விளையாட்டுக்குப் புதிதாக ஒரு கதைகாரனை உருவாக்கினேன். உடல் வலிமைக்கு ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அவன் நாவுக்கே கொடுத்தேன். கதைகாரன் சொல்லும் கதையை முழுதாகக் கேட்டவர், அவன் கேட்கும் ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல முடியாது. இதுதான் அவனுடைய சக்தி.

கதை நடத்துகிறவர் இல்லையா, அதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். இட்டுக்கட்டிய கதைக்குப் பலன் கிடையாதாம்; சொல்கிறவனுக்கு உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டுமாம். என் கையைக் கட்டிப்போட்ட சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளையாட்டில் எங்கள் கூட்டம் ஒரு கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது. இவன் காவற்காரனாகிக் குரலைத் தடிப்பாக்கி வழிமறித்தான். நான் கதையைத் தொடங்கினேன். ஒரு வழிப்போக்கன், அவனுக்காகத் திறந்து வைத்த ஒரு வீடு, விசாரிக்க வந்த ஒரு மாமா, சத்திரத்தில் அவரோடு பானம் அருந்திய ஒரு கூட்டாளி. வரிப்பத்தான்சேனைக் கூட்டாளி கடலை கொறிப்பதை நிறுத்திவிட்டான். மற்றவன் என்னையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான். பகடையை உருட்டினேன். எனக்குச் சாதகமாகவே விழுந்தது.

"காவற்காரா, அந்த மாமாவிட்ட நீ என்ன சொன்ன?"

அவன் தலை குனிவான் என்று எதிர்பார்த்தேன். குனியவில்லை. காவற்காரனின் குரலை விட்டுவிட்டுத் தன் குரலிலேயே பேசினான்.

"நல்ல பொடியன், ஆனா... எண்டு சொல்லிட்டுத் தேத்தண்ணியக் குடிச்சன். மிச்சத்த அவரே வெளங்கிக்கிட்டாரு."

வரிப்பத்தான்சேனைக் கூட்டாளிக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போதே எல்லோரும் பாலமுனைக்குப் போவோம், மாமாவிடம் மாற்றிச் சொல்லு என்றான்.

"போய் என்னத்த மாத்திச் சொல்ற? நல்ல பொடியன் எண்டதயா?"

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குடிகாரன் என்று சொல்லியிருந்தால் சாட்சி கொண்டுபோகலாம். பெண் சகவாசம் என்றால் பள்ளிவாசலில் சத்தியம் செய்யலாம். 'ஆனா' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிராக எதைக் கொண்டுபோவது? ஊருக்குத் திரும்பும் பஸ் வழியில் நிந்தவூரைத் தாண்டுவதற்குள் அந்த மனிதர் கஞ்சா, கடன், கள்ளத் தொடர்பு எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து முடித்திருப்பார். நான் புள்ளி புள்ளியாகச் சேர்த்து ஒரு கதைகாரனைக் கட்டிக்கொண்டிருந்தேன். இவன் ஒரு புள்ளி செலவில்லாமல் காரியத்தை முடித்துவிட்டான்.

அவனுக்குத் தங்கைகள் இரண்டு பேர். ஒரு வீட்டுக்கு அத்திவாரம்தான் போட்டிருந்தார்கள், மற்றதுதான் நாங்கள் உட்கார்ந்திருந்த வீடு. இரண்டையும் முடிக்காமல் அவனுக்குக் கலியாணம் இல்லை. எனக்குத் தங்கைகளே இல்லை. அதனால் வந்த பொறாமை என்று சொல்லி அவனுக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் படட்டும், எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

"அந்த வசனத்த இப்ப முடி," என்றேன். "'ஆனா'வுக்குப் பொறகு என்ன? இவங்களுக்கு முன்னால சொல்லு."

கேட்டுவிட்டேனே தவிர, எனக்குப் பயமாக இருந்தது. எனக்கே தெரியாத ஏதோ ஒரு குறை என்னிடம் இருந்து, அது இவனுக்குத் தெரிந்திருக்குமோ? அவன் முழங்காலில் ஒட்டியிருந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டு உண்மையாகவே யோசித்தான்.

"ஒண்டுமில்ல மச்சான்," என்றான். "நீ நல்ல பொடியன்தான்."