சாமியைக் குழப்பாதவர்

பிள்ளையார்பாளையத்து அம்மன் கோயிலில் ஓர் அம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். வயது நாற்பதுக்கு மேல். விரல்களில் பட்டுச் சாயத்தின் ஊதா. கையில் எது கிடைத்தாலும் நூல்போல முறுக்குகிற பழக்கம். அப்போது சேலைத் தலைப்பு அகப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய தம்பிகள் இருவர் உம்மென்று நின்றார்கள். சாமி முன்னால் இரண்டு பூப்பொட்டலங்கள்.

“பூ கட்டிப் பாக்குறோம்பா. கொழந்தை யாரும் கெடைக்கல. நீ ஒண்ணு எடு.”

வழுக்கைத் தலையோடு குழந்தையானதில் எனக்குப் பெருமைதான்.

இவரோடு தறி நெய்கிறவர் ஒருவர் இவரைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறாராம். சிவப்பு அரளி வந்தால் கல்யாணம், வெள்ளை வந்தால் இல்லை.

“சொந்த வீடு கெடையாது, அந்தாளுக்குச் சக்கரை வேற இருக்குது. யோசிச்சுப் பாருக்கா,” என்றார் ஒரு தம்பி.

நான் எடுத்ததில் சிவப்பு. தம்பிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிப் போனார்கள். நான் சும்மா இராமல் மற்றதையும் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

“என்னம்மா இது?”

“மெதுவா பேசுபா. எனக்கு ஆசைன்னா ஆயிரம் கேள்வி கேட்டுக்கினு நிப்பானுங்க. சாமியை யாரு கேப்பாங்க?”

“சாமி வேணாம்னு சொல்லியிருந்தா?”

“அதுக்குத்தான் வெள்ளையே வைக்கல. சாமியை எதுக்குக் குழப்பணும்?”

பெண் பார்த்த வீட்டிலெல்லாம் நிறைகுறை யோசித்தே தனியாக நிற்கிறவன் நான். என் கல்யாணத்துக்கும் ஆகுமே என்று சொல்லி அந்த இரண்டாவது பொட்டலத்தைக் கேட்டேன்.

“எடுத்துக்கோ. மொதல்ல பொண்ணைப் பாருபா!”

பூ என் மேசையில் காய்ந்து கிடக்கிறது. அவர் மனசைக் கேட்டாரா, மூளையைக் கேட்டாரா என்று இன்னும் யோசிக்கிறேன். எனக்குத் தெரிந்தது யோசிப்பது ஒன்றுதான்.