நீலம் போன பொடி டப்பா

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோளில் கோணியோடு ராயபுரம் தெருத்தெருவாகப் பழைய இரும்பு வாங்கியவன். இன்று சாத்தாங்காட்டில் எனக்கு இரண்டு கிடங்கு, லாரி ஏறி நிற்கிற எடை மேடை, திருவொற்றியூரில் மூன்று மாடி வீடு. உடைத்த கப்பல்களிலிருந்து வருகிற பித்தளை விளக்கு, மணி, சக்கரமெல்லாம் என் பட்டறையில் பாலீஷ் ஆகித்தான் பெரிய ஓட்டல்களுக்குப் போகின்றன. யாரும் கைதூக்கி விடவில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும், இது இன்ன உலோகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தத் திறமைதான் மூன்று வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், ராயபுரத்து வீடு ஒன்றில் என்னைத் தலைகுனிய வைத்தது.

அது ஒரு டீச்சரம்மாவின் வீடு. அவர் கணவர் கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர், என் பழைய வாடிக்கையாளர். போகிற துறைமுகத்தில் எல்லாம் அவர் தேடித் தேடி வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: பழங்காலத்து மூக்குப்பொடி டப்பா. நமக்கெல்லாம் பொடி என்றால் வாழைப்பட்டை மட்டை, மிஞ்சினால் தகர டப்பா. அவரிடம் கொம்பில், வெள்ளியில், ஆமை ஓட்டில் என்று அலமாரி நிறைய இருந்தது. இத்தனைக்கும் மனிதர் ஒரு சிட்டிகை பொடி போட்டதில்லை.

அவர் இறந்த பிறகு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் இன்ஜினீயர் பெயரிலேயே தனிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அலமாரியில் கணவர் பெயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், டீச்சரம்மாவுக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான். கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

நடுவில் இருந்தது ஒரு தங்க டப்பா. உள்ளங்கையில் அடங்கும். வெளிப்பக்கம் முழுக்க ஆழ்ந்த நீலம். மூடியில் ஒரு துறைமுகம், எறும்பளவு படகுகள். திறந்தால்தான் உள்ளே தங்கம் தெரியும்.

"இத்த மட்டும் சும்மா துணியால தொடச்சா போதும்ண்ணே. அவுரு தெனம் சாயங்காலம் ஜன்னலாண்ட வெச்சுகினு பாத்துகினே இருப்பாரு" என்றார்.

"எங்கையில குட்த்துட்டீங்கல்ல டீச்சர், இன்னாத்துக்குப் பேஜாரு" என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் துறைமுக கேட்டைத் தாண்டுவதற்காகப் பித்தளைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, இரும்பு என்று சொல்லி வெளியே கொண்டுவருவார்கள். இருபது வயதில் நான் இரும்பு என்று வாங்கிய ஒரு குவியலைச் சுரண்டினால், அத்தனையும் பித்தளை. என் முதல் கிடங்கு அதில் எழுந்ததுதான். அன்றிலிருந்து பெயிண்டைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. தங்கத்தின் மேல் எவனாவது ஆசைப்பட்டு நீலம் அடிப்பானா? கஸ்டம்ஸ்காரன் கண்ணில் மண்ணைத் தூவ எவனோ அடித்தது, படித்த மனிதருக்கு அது தெரியாமல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். முழுத் தங்கமாக மின்ன வைத்துக் கொடுத்தால் டீச்சரம்மா எவ்வளவு சந்தோஷப்படுவார்!

ஆளை நம்பாமல் நானே உட்கார்ந்தேன். கேஸ் டார்ச்சில் சூடு காட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். படபடவென்று பொரிந்து, நீலம் சில்லு சில்லாகக் கழன்றது. பெயிண்ட் இப்படிக் கண்ணாடி மாதிரி உடையாதே என்று உறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். உறைத்தது. ஆனால் பாதி போய்விட்டிருந்தது. என் கை தப்புப் பண்ணாது என்று மீதியையும் எடுத்தேன். அடியில் அலை அலையாக ஊசிக் கோடுகள் தெரிந்தன. யாரோ கீறி வைத்தது என்று அதையும் பாலீஷ் போடுகிற பஃப் சக்கரத்தில் பிடித்து வழித்துவிட்டேன்.

கொண்டுபோன அன்று நல்ல மழை. அருங்காட்சியகத்துக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சுற்றியிருந்த துணியை எடுத்து உதறிப் பார்த்தார்.

"படகெல்லாம் எங்கண்ணே?"

"அது பெயிண்ட்டு டீச்சர். உள்ள பாருங்க, சொக்கத் தங்கம் கீது" என்றேன்.

அது பெயிண்ட் இல்லை என்று அருங்காட்சியகத்துக்காரர்தான் சொன்னார். கண்ணாடியைப் பொடியாக்கித் தங்கத்தின் மேல் பரப்பி, உலையில் உருக்கி, மறுபடி பரப்பி மறுபடி உருக்கிச் செய்வதாம். கீறல் என்று நான் வழித்த கோடுகள், வெளிச்சம் பட்டால் நீலத்துக்கு அடியில் தண்ணீர் அசைவது போலத் தெரிவதற்காக ஒருவன் கையால் செதுக்கியவையாம். இருநூறு வருடத்துப் பொருள்.

"சோத்தக் கொட்டிட்டு தட்டக் கழுவிக் கொண்டாந்திருக்கீங்களே பெரியவரே" என்றார்.

"வுடுங்க சார். நல்லதுன்னு நெனச்சுதான செஞ்சாரு" என்ற டீச்சரம்மா என் பக்கம் திரும்பி, "காபி சாப்ட்டு போங்கண்ணே, மழையா கீது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த ஒரு டப்பாவுக்காகத்தான் மற்றதையும் கேட்டிருந்தார்களாம். தனி அலமாரிப் பேச்சு அதோடு நின்றது. மறு வருடம் டீச்சரம்மா காலமானார், ஆசைப்பட்டதைப் பார்க்காமலே. அவர் கடைசியாகக் கெஞ்சி எழுதிய கடிதத்துக்காக அந்த டப்பாவை மட்டும் பிறகு ஒரு மூலையில் வைத்தார்கள்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். கீல் ஓரத்தில் நெல்லளவு நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்ஜினீயர் பெயர் இருந்தது. அதன் கீழே, 'மேற்பூச்சு காலப்போக்கில் சிதைந்தது' என்று இருந்தது.

காலம் இருநூறு வருடம் அதைத் தொடாமல் விட்டது. அந்த மனிதர் தூசு படாமல் காத்தார். அட்டையைப் படிக்கிறவர்கள், வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று அவரை அல்லவா நினைப்பார்கள்? கிடங்கு கேட்டில், எடை மேடையில், கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில்கூட என் பெயரை எழுதிக்கொண்டவன் நான். இதற்கும் எழுதச் சொல்லி அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை கடிதம் கொடுத்தாகிவிட்டது, பதில் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிப் போடுகிற இந்தப் பத்திரிகையில் என் பெயர் வேண்டாம். அந்த அட்டையில் வேண்டும். கெடுத்தது சாத்தாங்காட்டுப் பழைய இரும்பு வியாபாரி இன்னார் என்று, என்னைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் போடுங்கள்.