மதிலோரக் கீழாநெல்லி

என் மனைவியின் கண்கள் மஞ்சளாகியிருந்ததை முதலில் பார்த்தவள் கீழ்வீட்டு மாமி. மாடிப்படியில் அவளை நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த என்னிடம் கேட்டாள்.

"ஏண்டாப்பா, ஆம்படையாள் மூஞ்சியப் பாக்கறதுக்கும் ஒனக்கு ஆபீஸ்லேர்ந்து சர்க்குலர் வரணுமா?"

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். மாட்டுங்காவில் ஓர் அறையும் சமையற்கட்டும் எங்கள் வீடு. அவளுக்கு ஏழாம் மாதம். நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவின் ஹெட் கிளார்க்.

தெருமுனை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். காமாலைக்கு அவரிடம் மருந்து இல்லை. குளுக்கோஸ், ஓய்வு, கொழுப்பில்லாத சாப்பாடு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் இரண்டு உயிருமே போகலாம், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது உத்தமம் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்தச் சீட்டில் யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது, அவளைச் சம்மதிக்க வைக்கும் வழி.

"அங்கே உப்புப் போட்டுக் குடுத்துடுவா" என்றாள். "பத்தியம் கெட்டா அப்பறம் மருந்தே பிடிக்காது."

மருந்து என்று அவள் சொன்னது மாமியின் மருந்தை. அதன் விதிமுறைகள், எங்கள் அலுவலகமே பொறாமைப்படும் அளவுக்குத் துல்லியமானவை.

"கீழாநெல்லி. வேரோட பிடுங்கணும், வாடப்படாது. மார்க்கெட்ல கட்டுக்கட்டா வச்சிண்டிருக்கானே, அது முந்தாநாள் பிடுங்கினது, ஆகாது. மோர்ல அரைச்சு, வெறும் வயித்துல, மூணு காலம்பற. உப்பு, புளி, எண்ணெ கண்ணுலயே காட்டப்படாது. டாக்டரே மருந்தில்லேன்னு ஒத்துண்டுட்டானோல்லியோ? பின்ன என்ன?"

மூன்று நாள்தானே, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி ஒப்புதலும் கொடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். அவள் அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தேன், வந்து சேர நாளாகும். அதுவரை சமையல் என்னுடையது. பால் கார்டைக் காட்டிப் பால் வாங்கி, தோய்த்து, வெண்ணெய் துளியும் தங்காமல் கடைந்தேன். குழைந்த சாதத்தில் மோர். தாளிக்காத பருப்புத் தண்ணீர். வெறுமனே வேகவைத்த புடலங்காய். ஒரு வாய் நானும் தின்று பார்த்தேன். அதைத் தின்று ஒருவர் உயிரோடிருக்க விரும்புவது பெரிய காரியம். அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். ஒரு கை தட்டிலும், ஒரு கை வயிற்றிலும்.

பம்பாயில் வாடாத கீழாநெல்லி எங்கே என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தொழிற்சாலை மதிலோரம் மழைக்கு அது கம்பளம் மாதிரி படர்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை முதல் வண்டியைப் பிடித்து, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினேன். உள்ளேயிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். ஆகவே எனக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: 'காட்டுச்செடி, ஒரு கட்டு, மதிப்பு இல்லை.' காவலாளி சலாம் வைத்தான்.

அவள் மூன்று தண்ணீரில் அலசி, அம்மியில் தானே அரைத்தாள். என்னை அரைக்க விடவில்லை. புதன்கிழமையும் அப்படியே.

புதன் மதியம் வாந்தி தொடங்கியது. விளக்கு வைப்பதற்குள் எழுந்து நிற்க முடியவில்லை. மாமி திருப்தியாகத் தலையாட்டினாள். "பித்தம் வெளியேறறது. மருந்து வேலை செய்யறது."

வியாழன் காலை மூன்றாவது கட்டுக்காக மதிலோரம் குனிந்தபோது, செடிகள் துவண்டு, இலைகள் சுருண்டு கிடந்தன. இரவெல்லாம் மழை பெய்திருந்தது. மழையில் எந்தச் செடி வாடும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் தோட்டக்காரரின் குரல் கேட்டது. தாராவிக்காரர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"என்ன சார், வீட்டுல ஆடு வளக்கியளோ?"

"கீழாநெல்லி. மருந்துக்கு."

சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றது. "அதத் தொடாதிய சார். களை சாவுததுக்குத் தவா அடிச்ச புல்லுல்லா. திங்கக்கெழம மழ வெறிச்சிச்சி, அன்னைக்கே அடிச்சாச்சி. நீங்க கையெழுத்துப் போட்ட தாளுதான சார் வந்துச்சி."

ஆமாம். விடுப்பில் போவதற்கு முதல் நாள் போட்ட கையெழுத்து. 'மழை இடைவெளி கிடைத்ததும், மதிலோரமுள்ள வேண்டாத செடிகொடிகளுக்குக் களைக்கொல்லி தெளிக்கவும்.' கோப்பில் கீழாநெல்லி என்று ஒரு செடி கிடையாது.

"அது என்ன மருந்து? பேர் என்ன?"

"பேரு டப்பாவுல போட்டுருக்கும்."

காலி டப்பாக்களை நசுக்கிப் புதைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. வாங்கிய எட்டு டப்பாவும் புதைக்கப்பட்டன என்ற சான்றிதழில் அவர் கைநாட்டு வைக்க, நான் குழியைப் பார்க்காமலே மேலொப்பம் இடுவது வருடாவருட வழக்கம். புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் இருக்கு சார். எருவு அள்ளுததுக்கு வச்சிருக்கேன். மேல எழுதிப் போட்டுராதிய."

அவர் விதியை மீறியிருக்காவிட்டால் எனக்குக் கொண்டுபோக ஒரு பெயர்கூட இருந்திருக்காது. அந்த டப்பாவைக் கேட் பாஸ் இல்லாமல் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். காவலாளி பின்னாலிருந்து கூப்பிட்டான். நான் திரும்பவில்லை.

டாக்ஸியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெரிய டாக்டர் எருவைத் துடைத்துவிட்டு லேபிளைப் படித்தார். ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு வேளை, மூன்று தண்ணீரில் அலசினோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் நாளே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். 'வீட்டில் கொடுத்த சிகிச்சை' என்ற கட்டத்தை அவர் நிரப்ப, நான் கீழே கையெழுத்திட்டேன். கட்டிலிலிருந்து அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"ஏன்னா, கஞ்சியிலே உப்பு வேண்டாம்னு சொல்லிட்டேளா?"

"சொல்லிட்டேன்."

நான்காம் நாள் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. அதற்கும் ஒரு படிவம் உண்டு. எந்த ஜன்னல் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காரணம் காமாலையா, களைக்கொல்லியா என்று டாக்டரிடம் கேட்டேன். காமாலை மட்டுமே போதும், இதுவும் சேர்ந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ கோப்புகளில் அப்படி ஒரு பதிலை எழுதி முடித்தவன் நான். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

மஞ்சள் இறங்க ஆறு வாரம் ஆயிற்று. அவள் பிழைத்தாள். கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்று நம்பினாள். மூன்றாவது நாளும் குடித்திருந்தால் குழந்தையும் தங்கியிருக்கும் என்பாள். நான் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். அவள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமிக்குப் பிறகு அந்தக் கட்டடத்தின் வைத்தியம் அவள் கைக்கு வந்தது. யார் வீட்டில் கண் மஞ்சளானாலும் என்னைத்தான் கீழாநெல்லிக்கு அனுப்புவாள். கூடவே டாக்டரிடமும் போகச் சொல்லி அந்த வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்து மன்றாடுவேன். மதிலோரம் போகாமல், மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கி வந்து, குழாயடியில் உட்கார்ந்து, ஒன்பது தண்ணீரில் அலசுவேன்.

"போறும், விடுங்கோ" என்பாள், சமையற்கட்டிலிருந்து. "கீரை கரைஞ்சே போயிடப் போறது."

பத்தாவது தண்ணீரைத் திறந்துவிடுவேன்.