நின்ற மோட்டாரின் சத்தம்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்ற அப்பாவை ஜெயித்தாள். கூட்டிப் பெருக்க மட்டும் சேர்த்துக்கொண்ட பட்டறைக்காரரிடம் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் வேலையை வாங்கினாள். பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று மற்றவர்கள் கைவிட்ட பம்புகளை ஓட வைத்தாள். கடைசியில் சொந்தக் கடையும் போட்டாள். தெருவில் அவளுக்கு மோட்டாரம்மா என்றே பெயர்.

ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வாள். பேரிங் தேய்ந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு வருடம் நல்ல மோட்டார்களையெல்லாம் கழற்ற ஆரம்பித்தாள்.

"உஸ்ஸு உஸ்ஸுன்னு அடிக்குதுக்கா. பேரிங் போச்சு."

புது பேரிங் போட்டும் சத்தம் போகவில்லை என்றாள். தையல் மிஷின் மோட்டாரைக் கொடுத்திருந்த டெய்லர் ஒருநாள் வந்து கத்தினார்.

"ஏம்மா, என் மோட்டாரைத் தத்து எடுத்துக்கிட்டியா?"

"சத்தம் நிக்கட்டும், தர்றேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே!"

"வீட்டுல அண்ணி கூப்பிடறதே உங்களுக்குக் கேக்காதாமே."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மோட்டார் சுற்றி ஓய்ந்தது. காதில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர் பிடியை அவள் எடுக்கவில்லை.

"அக்கா, நின்னப்புறமும் அடிக்குது."

ஸ்கேன் படத்தை டாக்டர் எங்களிடம் காட்டினார். "கழுத்து ரத்தக்குழாய் கிட்டத்தட்ட நேரா மேல போகணும். உங்களுக்கு வளைஞ்சு நெளிஞ்சு போகுது. அதுல ரத்தம் பாயற சத்தம்தான் உங்க காதுல கேக்குது."

"நான் கட்டின காயிலா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி கட்டியிருப்பேன்" என்றாள் தங்கை.

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படி இருக்கறவங்கள்ல சிலருக்கு மூளைக்குள்ள குழாய் பலூன் மாதிரி புடைச்சிருக்கும். இதனாலதான் அது வருதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தலையையும் பாத்துடலாம்."

பார்த்தார்கள். புடைத்திருந்தது. பெரிதாகவே இருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை மூளைவரை ஏற்றி அந்தப் புடைப்பை அடைக்கப் பார்த்தார்கள். கழுத்தின் வளைவுகளைத் தாண்டி டியூப் ஏறவில்லை. இனி மண்டையைத் திறக்க வேண்டும். திறந்தாலும் ஆபத்து; விட்டால் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"விட்டுடலாம்டி" என்றேன்.

"ஒவ்வொரு தடவை உஸ்ஸுங்கும்போதும் செத்துப் பொழைக்கவா? என்னால ஆகாதுக்கா."

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. பேங்கிலும் கைநாட்டுதான். சம்மதத் தாளோடு நர்ஸ் மைப்பெட்டியைக் கொண்டுவந்தபோது அதைத் தள்ளிவைத்தாள்.

"என் தலை. நானே எழுதறேன். அக்கா, என் பேரை எழுதிக் காட்டு."

பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே திரும்புகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினாள். கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டி மேலே ஏறியது.

"மொதல் தடவைக்குப் பரவாயில்ல. வந்து நல்லாப் போடறேன்" என்றாள்.

வரவில்லை. மண்டையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் அது வெடித்துவிட்டது.

அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வந்தேன். அவள் பிறந்த தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி எனக்குத் தெரியும்: 2019, மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.